முதியோர் சொல்லும் மண்ணின் சான்றும்

வரலாறு எழுதப் புகுவோர் முதலில் தேடுவது சான்று. கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஏடு, வழிப்போக்கர் எழுதிவைத்த குறிப்பு ஆகியவற்றுள் ஒன்று கிடைத்தாலும் அவர் உள்ளம் அமைதியுறும். இவற்றுள் ஒன்றும் இல்லாத மக்களைப் பற்றி, 'இவர்கட்கு வரலாறு இல்லை' என்று ஒரே வரியில் முடித்துவிடுவது மேல்நாட்டு அறிஞர் பலர்க்கு நெடுங்கால வழக்கமாக இருந்தது. எழுத்தில்லாதவர்க்கு நினைவும் இல்லை என்பது அவர்தம் எண்ணம் போலும்.

அவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை உலகிற்கு உணர்த்தியவர்கள், வடதுருவத்தை அடுத்து வாழும் இனுயிட் மக்கள். அவர்கள் கூறிய உண்மையைப் பிறர் ஏற்க மறுத்ததும், பின்னர் மண்ணும் கடலும் அவர்கள் பக்கம் நின்று சாட்சி கூறியதும், இன்று தம் முன்னோர் மண்ணைத் தோண்டுவது பற்றி முடிவு செய்வதில் அவர்களே பங்கு பெற்றிருப்பதும் வரலாறு பயில்வோர் அறியத்தக்க செய்திகள்.

பனிநாட்டு மக்கள்

பனி என்றவுடன் நம் நினைவிற்கு வருவது, விடியற்காலையில் புல்லின் நுனியில் நிற்கும் நீர்த்துளி. இனுயிட் மக்களுக்கோ பனி என்பது நிலம். கடலின் மேல் போடப்பட்ட பாதை. வேட்டைக்காலத்தில் வெட்டி அடுக்கிக் கட்டும் வீடு. கிரீன்லாந்து, கனடாவின் வடபகுதி, அலாஸ்கா ஆகிய நிலப்பரப்புகளில் இவர்களும் இவர்களுடைய உறவினரும் பரவியுள்ளனர். 2021-ஆம் ஆண்டுக் கணக்கின்படி கனடாவில் மட்டும் சுமார் 70,000 இனுயிட் மக்கள் உள்ளனர். 'இனுக்' என்றால் ஒரு மனிதன். 'இனுயிட்' என்றால் மக்கள். முன்னாளில் புத்தகங்களில் வழங்கிய 'எஸ்கிமோ' என்ற பெயர் பிறர் இட்டது. கனடாவில் வாழும் இனுயிட் மக்கள் அதனை விரும்புவதில்லை.

மரம் வளராத நாடு அது. கடல்நாய், வால்ரஸ், திமிங்கிலம், துருவ மான் ஆகியவற்றின் இறைச்சியே உணவு; தோலே உடை; எலும்பும் கொம்பும் கருவி; கொழுப்பே விளக்கெண்ணெய். மாக்கல்லைக் குடைந்து செய்த விளக்கு வீட்டிற்கு ஒளியும் வெப்பமும் தரும். அதனைக் காப்பது பெண்களின் பொறுப்பு. இத்தகைய நாட்டில் எந்த நீரோடையில் எப்பொழுது மீன் ஏறும், எந்தப் பனி ஆளைத் தாங்கும், எந்தக் கரையில் யார் மாண்டனர் என்பனவெல்லாம் அறிந்தவனே உயிர் வாழ்வான். எழுத்து அவர்களிடம் வந்து சேர்ந்தது பிற்காலத்தில், சமயப் போதகர் வழியாக. அதுவரை அறிவனைத்தும் செவிவழியாகவே சென்றது. கேட்டதைப் பிழையின்றித் திரும்பச் சொல்வது அங்கே வாழ்வுக்கு வேண்டிய ஒரு தொழிலாக இருந்தது.

முந்நூறு ஆண்டு நினைவு

1576, 1577, 1578 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மார்ட்டின் பிரோபிஷர் என்னும் ஆங்கிலேயக் கப்பற்றலைவர் இன்றைய கனடாவின் பாபின் தீவிற்கு வந்தார். ஆசியாவிற்கு வடமேற்கு வழியாகச் செல்லும் கடற்பாதையைத் தேடி வந்தவர், அங்கே கண்ட கருங்கல்லில் பொன் இருப்பதாக நம்பிவிட்டார். மூன்றாம் முறை 15 கப்பல்களுடன் வந்து, நூற்றுக்கணக்கான டன் கல்லை வெட்டி ஏற்றிச் சென்றார். அதில் பொன் இல்லை. முதற் பயணத்தின்போது அவருடைய ஆட்கள் ஐவர் காணாமற் போயினர். அவரோ இனுயிட் மக்கள் சிலரைச் சிறைபிடித்து இங்கிலாந்திற்குக் கொண்டு சென்றார். அவர்கள் அங்கே மாண்டனர். பின்னர் இச்செய்தி ஏட்டில் உறங்கிற்று. பிரோபிஷர் கண்ட இடம் எது என்பதையே நிலப்படம் வரைவோர் மறந்தனர்.

1861-ஆம் ஆண்டில் சார்லஸ் பிரான்சிஸ் ஹால் என்னும் அமெரிக்கர் அப்பகுதிக்குச் சென்றார். துக்கூலிட்டோ, எபியர்பிங் என்ற இனுயிட் மனைவியும் கணவனும் அவர்க்கு வழிகாட்டிகளாகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தனர். அங்கே மிக முதிர்ந்த மூதாட்டி ஒருவர் ஹாலிடம் ஒரு செய்தி கூறினார். நெடுங்காலத்திற்கு முன் வெள்ளையர் கப்பல்களில் வந்தனர். முதலில் ஒன்றிரண்டு, மறுமுறை இரண்டு மூன்று, அதன்பின் மிகப் பல. அவர்களுள் ஐவர் பின்தங்கிவிட்டனர் என்பதே அச்செய்தி. மக்கள் 'வெள்ளையர் தீவு' என்று பெயரிட்டு வழங்கிய சிறு தீவிற்கு ஹால் சென்று பார்த்தார். அங்கே வெட்டிய பள்ளங்களும், நிலக்கரியும், ஓட்டுத் துண்டுகளும் கிடைத்தன. ஏறத்தாழ 285 ஆண்டுகட்குப் பின்னரும், கப்பல்கள் ஆண்டுதோறும் பெருகி வந்த முறையும், காணாமற் போனவர் ஐவர் என்ற எண்ணும் அம்மக்கள் நினைவில் அழியாமல் நின்றன. இங்கிலாந்து மறந்ததை இனுயிட் மக்கள் மறக்கவில்லை.

நம்ப மறுத்த நாகரிகம்

ஹால் அங்குச் செல்வதற்கு முன்பே, இதனினும் பெரிய வழக்கு ஒன்று எழுந்திருந்தது. 1845-ஆம் ஆண்டில் சர் ஜான் பிராங்கிளின் தலைமையில் எரெபஸ், டெர்ரர் என்னும் இரு போர்க்கப்பல்கள் இங்கிலாந்திலிருந்து வடமேற்குக் கடற்பாதையைத் தேடிப் புறப்பட்டன. துருவக் கடலுள் நுழைந்தவர் 129 பேர். அவர்களுள் ஒருவரும் திரும்பவில்லை.

1854-ஆம் ஆண்டில் ஹட்சன்விரிகுடாக் கம்பெனியைச் சேர்ந்த மருத்துவர் ஜான் ரே இனுயிட் மக்களைச் சந்தித்து முதன்முதலாக உண்மையை அறிந்தார். வெள்ளையர் பலர் படகொன்றை இழுத்துக்கொண்டு தெற்கு நோக்கி நடந்தனர், பசியால் மாண்டனர், இறுதியில் இறந்தோர் உடலையும் உண்டனர் என்று அம்மக்கள் கூறினர். பிராங்கிளினுடைய வெள்ளிப்பொருள்களையும் அவர்களிடமிருந்து ரே விலைக்குப் பெற்றார்.

ரே அனுப்பிய அறிக்கை இலண்டன் செய்தித்தாளில் வெளிவந்தவுடன் நாடே கொதித்தது. ஆங்கிலக் கடற்படை வீரர் நரமாமிசம் உண்பரோ! புகழ்பெற்ற நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், அதே ஆண்டு டிசம்பரில் தம் வார இதழில் இதனை மறுத்து நீண்ட கட்டுரை எழுதினார். காட்டுமிராண்டிகளின் பேச்சு சான்றாகாது என்பதும், அவர்களே அவ்வீரரைத் தாக்கிக் கொன்றிருத்தல் கூடும் என்பதும் அவர் வாதம். ஏழைகளுக்காகவும் ஏதிலிச் சிறுவர்களுக்காகவும் கண்ணீர் சிந்திய அந்தப் பேனா, தான் கண்டிராத ஒரு மக்கள்மீது கொலைப்பழி சுமத்தத் தயங்கவில்லை. ரே அவ்விதழிலேயே மறுமொழி எழுதினார். தாம் பழகிய இனுயிட் மக்கள் சொல்லில் நேர்மையானவர் என்று வாதாடினார். அரசு அறிவித்திருந்த பரிசுப் பணத்தில் 10,000 பவுன் அவர்க்குக் கிடைத்தது. ஆனால் பிற துருவப் பயணிகள் பெற்ற 'சர்' பட்டம் அவர்க்கு என்றும் கிடைக்கவில்லை.

1859-இல் கிங் வில்லியம் தீவில் கற்குவியல் ஒன்றுள் ஒரு தாள் கிடைத்தது. பிராங்கிளின் 1847 ஜூன் 11-இல் இறந்தார் என்றும், 1848 ஏப்ரலில் கப்பல்களைக் கைவிட்டு 105 பேர் தெற்கு நோக்கி நடக்கப் போகின்றனர் என்றும் அதில் எழுதியிருந்தது. அடியில் கையொப்பம் இட்டவருள் ஒருவர் எரெபஸ் கப்பலின் தலைவர் ஜேம்ஸ் பிட்ஜேம்ஸ். தெற்கு நோக்கி நடந்தனர் என்று அம்மக்கள் சொன்னது மெய்யாயிற்று. ஆயினும் மற்றதை ஏற்க மனம் இல்லை.

1990-களில் அத்தீவின் கரையில் கிடைத்த எலும்புகளை ஆராய்ந்தபோது, அவற்றில் கத்தியால் அறுத்த தழும்புகள் காணப்பட்டன. 2024-ஆம் ஆண்டில், அவ்விடத்தில் கிடைத்த தாடையெலும்பு ஒன்று யாருடையது என்பது மரபணு ஆய்வினால் தெளிவாயிற்று. அது, அந்தத் தாளில் கையொப்பமிட்ட பிட்ஜேம்ஸுடையது. அதிலும் அறுத்த தழும்பு இருந்தது. அவரும் அவருடைய தோழரும் பழிக்குரியவர் அல்லர். பசி அவர்களை அந்நிலைக்குத் தள்ளிற்று. ஆனால் உண்மை கூறியவர் மீது சாற்றிய பழி நீங்குவதற்கு 170 ஆண்டுகள் ஆயின.

கப்பல்கள் கிடைத்த விதம்

கப்பல்கள் இரண்டும் எங்கே மூழ்கின? ஒன்று தெற்கே வந்து ஒரு தீவினருகே நின்றது. அதனுள் மக்கள் ஏறிப் பார்த்தனர். பின்னர் அது மூழ்கிப் பாய்மரம் மட்டும் நீர்மேல் தெரிந்தது என்று பல முதியோர் பல காலங்களில் கூறினர். ஹாலும், 1878 முதல் 1880 வரை அங்குத் திரிந்த சுவாட்கா குழுவினரும் இதனைக் குறித்து வைத்தனர்.

கிங் வில்லியம் தீவிலுள்ள ஜோவா ஹேவன் என்னும் சிற்றூரில் லூயி கமூகாக் என்ற இனுயிட் ஆசிரியர் வாழ்ந்தார். சிறுவயதில் தம் கொள்ளுப்பாட்டியிடம் கேட்ட கதை அவர் மனத்தைப் பற்றிக்கொண்டது. கடற்கரையில் துருப்பிடித்த பொருள்களைக் கண்டதாகவும், மனிதனைப் புதைத்தது போன்ற நீண்ட மேடு இருந்ததாகவும் அந்த மூதாட்டி கூறியிருந்தார். கமூகாக் வளர்ந்தபின் ஆண்டுக்கணக்காக ஊர்ப்பெரியோரிடம் சென்று கதை கேட்டார். அவர்கள் கூறிய இடப்பெயர்களை வெள்ளையர் எழுதிய பயணக் குறிப்புகளோடு ஒப்பிட்டார். குறித்த இடங்களுக்குத் தாமே நடந்தும் சென்றார். ஓர் ஆசிரியர் ஊதியமும் ஆராய்ச்சிச் சாலையும் இன்றிச் செய்த பணி அது.

2014 செப்டம்பரில் எரெபஸ் கண்டுபிடிக்கப்பட்டது. முதியோர் சுட்டிய தென்கடற் பகுதியில், சுமார் 11 மீட்டர் ஆழத்தில் கிடந்தது. 2016 செப்டம்பரில் டெர்ரர் கிடைத்தது. ஜோவா ஹேவனைச் சேர்ந்த சாமி கொக்விக் என்பவர், சில ஆண்டுகட்கு முன் மீன்பிடிக்கச் சென்றபோது ஒரு குடாவின் பனிக்கு மேலே பெருமரம் ஒன்று நீட்டிக்கொண்டிருந்ததைக் கண்டதாகக் கூறினார். அவர் சொல்லை நம்பி, செல்லவேண்டிய வழியை மாற்றிக்கொண்டு அங்குச் சென்ற குழுவினர் கப்பலைக் கண்டனர். பல நாட்டார் பலமுறை தேடியும் கிட்டாதது, உள்ளூர் மனிதர் ஒருவரின் சொல்லைக் கேட்டதனால் கிட்டிற்று. கமூகாக் இரண்டையும் கண்டு மகிழ்ந்து 2018-இல் காலமானார்.

டுனிட் என்னும் முன்னோர்

வாய்மொழியின் உண்மை வெள்ளையர் வருகையோடு நிற்பதில்லை. தாம் இந்நாட்டிற்கு வருமுன் இங்கே 'டுனிட்' என்னும் வேறொரு மக்கள் வாழ்ந்தனர் என்பது இனுயிட் மரபு. அவர்கள் பேராற்றல் உடையவர், ஆயினும் கூச்சமுடையவர், சண்டை மூண்டால் இடம்விட்டு அகல்பவர் என்று கதைகள் கூறும்.

1925-ஆம் ஆண்டில் ஒட்டாவா நகரின் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய டயமண்ட் ஜென்னஸ் என்னும் அறிஞர், டோர்செட் முனை முதலிய இடங்களிலிருந்து வந்த பழம்பொருள்களை ஆராய்ந்தார். அவற்றுட் சில இனுயிட் கருவிகளோடு ஒத்துவரவில்லை. இவை வேறொரு பண்பாட்டைச் சேர்ந்தவை என்று அவர் துணிந்து, அதற்கு 'டோர்செட்' என்று பெயரிட்டார். 1921 முதல் 1924 வரை நடந்த தூலே ஆராய்ச்சிப் பயணத்தில் பங்குகொண்ட டென்மார்க்கு அறிஞர் தெர்க்கல் மத்தியாசன், இன்றைய இனுயிட் மக்களின் முன்னோர் அலாஸ்காப் பக்கமிருந்து கிழக்கே வந்தவர் என்று காட்டினார். அவர்கள் வந்தது ஏறத்தாழ 13-ஆம் நூற்றாண்டு என்பது இன்றைய ஆராய்ச்சியாளர் கணிப்பு. 2014-இல் வெளியான மரபணு ஆய்வு, டோர்செட் மக்கள் இனுயிட் மக்களின் முன்னோர் அல்லர், வேறொரு வழியினர் என்பதை உறுதி செய்தது. ஜென்னஸ் அருங்காட்சியகத்தில் அமர்ந்து கண்டதை, முதியோர் விளக்கொளியில் அமர்ந்து குழந்தைகட்குச் சொல்லி வந்தனர்.

எலும்பும் கண்ணீரும்

இத்துணை அறிவுடைய மக்களைப் பழைய ஆராய்ச்சியாளர் சிலர் எவ்வாறு நடத்தினர் என்பதும் கூறவேண்டுவதே. 1897-ஆம் ஆண்டில் ராபர்ட் பியரி என்னும் பயணி, கிரீன்லாந்திலிருந்து அறுவரை நியூயார்க் அருங்காட்சியகத்திற்குக் கொண்டுவந்தார். சில மாதங்களுக்குள் நால்வர் நோயால் இறந்தனர். இறந்தவருள் ஒருவர் கிசுக். அவருடைய மகன் மினிக் சிறுவன். தந்தையைப் புதைப்பதாக அவன் கண்முன் சடங்கு ஒன்று நடந்தது. அது பொய்ச் சடங்கு. தந்தையின் எலும்புகள் அருங்காட்சியகத்திலேயே இருந்தன. வளர்ந்தபின் உண்மையறிந்த மினிக், தந்தையின் எலும்புகளைத் தருமாறு மன்றாடினான். தரவில்லை. 1918-இல் அவனும் இறந்தான். அந்நால்வரின் எலும்புகள் 1993-ஆம் ஆண்டில்தான் கிரீன்லாந்திற்குத் திரும்பி அடக்கம் செய்யப்பெற்றன.

1927, 1928 ஆகிய ஆண்டுகளில் லாப்ரடார் கரையில் சோவார் என்னும் இடத்துக் கல்லறைகளைத் தோண்டி, 22 இனுயிட் மக்களின் எலும்புகளைச் சிகாகோ நகர அருங்காட்சியகத்திற்குக் கொண்டு சென்றனர். அவை 2011-இல் திருப்பித் தரப்பட்டன. தம் பாட்டன் பாட்டியின் கல்லறையை அயலார் தோண்டுவதை யார்தான் பொறுப்பர்? அறிவு வளர்ச்சி என்னும் பெயரால் நடந்த இச்செயல்களால், மண்வெட்டியோடு வருபவரைக் கண்டால் அம்மக்கள் முகம் திருப்பிக்கொண்டதில் வியப்பில்லை.

உரிமை பெற்ற வரலாறு

மாற்றம் சட்டத்தின் வழியாக வந்தது. 1993 மே 25-இல் கனடா அரசும் நுனாவுட் பகுதி இனுயிட் மக்களும் நிலவுரிமை உடன்படிக்கை ஒன்றில் கையொப்பமிட்டனர். 1999 ஏப்ரல் 1-இல் 'நுனாவுட்' என்னும் தனி ஆட்சிப்பகுதி பிறந்தது. அச்சொல்லின் பொருள் 'நம் நிலம்' என்பது. அவ்வுடன்படிக்கையில் புதைபொருள் ஆராய்ச்சிக்கென்றே தனிப் பிரிவு ஒன்று உண்டு. அதன்படி 'இனுயிட் பாரம்பரிய அறக்கட்டளை' நிறுவப்பெற்றது. நுனாவுட்டில் தோண்ட விரும்பும் அறிஞர் எவராயினும் முன்னரே இசைவுச்சீட்டு பெறல் வேண்டும். அவருடைய விண்ணப்பம் அறக்கட்டளையின் பார்வைக்கு வரும். அருகிலுள்ள ஊராரின் கருத்தும் கேட்கப்படும். கிடைக்கும் பொருள்கள் அரசிற்கும் அறக்கட்டளைக்கும் பொதுவுடைமை. 2018-இல் பிரிட்டன் எரெபஸ், டெர்ரர் கப்பல்களைக் கனடாவிற்கு வழங்கியபோது, அவற்றினின்று இனி எடுக்கப்படும் பொருள்களிலும் இனுயிட் மக்களுக்குக் கூட்டுரிமை ஏற்பட்டது. கோடைக்காலத்தில் அவ்விடங்களைக் காவல் புரிவோரும் அம்மக்களே.

சட்டம் மட்டும் போதாது என்று உணர்ந்த ஊர்களும் உண்டு. இக்லூலிக் என்னும் ஊரின் முதியோர் 1986 முதல் தம் நினைவில் உள்ளவற்றைத் தம் மொழியிலேயே ஒலிப்பதிவு செய்வித்தனர். நூற்றுக்கணக்கான பேட்டிகள் அங்கே திரண்டன. இஃது ஏன் தேவைப்பட்டது? கனடா அரசும் சமய அமைப்புகளும் நடத்திய விடுதிப் பள்ளிகளுக்குப் பல தலைமுறைச் சிறுவர்கள் அனுப்பப்பட்டனர். தாய்மொழி பேசினால் தண்டனை. பெற்றோரைக் காண்பதோ அரிது. பாட்டி கதை சொல்ல இருந்தும், கேட்கப் பேரக்குழந்தை அருகில் இல்லை. ஊர் திரும்பிய பேரனுக்கோ பாட்டியின் மொழி புரியவில்லை. 2008-இல் கனடாப் பிரதமர் நாடாளுமன்றத்தில் இதற்காக மன்னிப்புக் கோரினார். ஆயிரம் ஆண்டு அறுபடாத நூலை அறுத்தது பள்ளிக்கூடமே என்பதை, ஆசிரியத் தொழில் புரிவோர் யாரும் நெஞ்சில் முள் தைக்காமல் எண்ண முடியாது.

நுனாலெக் கற்பிக்கும் பாடம்

அறுந்த நூலை முடியும் முயற்சிக்கு எடுத்துக்காட்டாக அலாஸ்காவில் ஓர் ஊர் உள்ளது. இனுயிட் மக்களுக்கு மொழியாலும் குருதியாலும் உறவினரான யூப்பிக் மக்கள் வாழும் குவினஹாக் என்பது அதன் பெயர். பெரிங் கடலோரத்தில் உறைந்த மண் இளகி, அலைகள் கரையை அரிக்கவே, பழைய மரச்சாமான்கள் கடற்கரையில் உதிர்ந்து கிடந்தன. ஊராரின் நிலக்கம்பெனித் தலைவரான வாரன் ஜோன்ஸ், ஸ்காட்லாந்து நாட்டு அபர்டீன் பல்கலைக்கழக அறிஞர் ரிக் நெக்டைத் தாமே அழைத்தார். முன்னோர் இடத்தைக் கலைத்தல் தகாது என்று முதியோர் சிலர் தடுத்தனர். விட்டால் எல்லாம் கடலுக்கே இரையாகும் என்பது மற்றொரு சாரார் கருத்து. ஊரார் கூடிப் பேசி, தோண்டுவது என்று முடிவு செய்தனர். 2009-இல் பணி தொடங்கிற்று.

நுனாலெக் என்னும் அப்பழைய குடியிருப்பு 17-ஆம் நூற்றாண்டில் தீக்கிரையானது. உறைமண்ணில் இருந்தமையால் மரப்பொம்மை, முகமூடி, புற்கூடை, கத்திப்பிடி எல்லாம் நேற்றுச் செய்தவை போல் வெளிவந்தன. அவை ஏறத்தாழ ஒரு லட்சம். கருகிய மரங்களிடையே அம்புமுனைகள் கிடைத்தன. மாண்டோர் எலும்புகளும் கிடைத்தன. அறிஞர் இதைக் கண்டு வியக்குமுன்பே ஊரார்க்கு அதன் காரணம் தெரியும். சிறுவர் இருவர் ஈட்டி எறிந்து விளையாடுகையில் ஒருவன் மற்றவன் கண்ணைக் குத்திவிட்டான்; அடிபட்டவன் தந்தை பழிவாங்கினான்; அதனால் மூண்ட 'வில் அம்புப் போர்' ஊர் ஊராகப் பரவிற்று என்று முதியோர் வழிவழியாகக் கூறி வந்தனர்.

இன்ன கருவி இன்ன வேலைக்கு என்று அறிஞர்க்கு விளங்காதபோது, ஊர் மூதாட்டியர் கையிலெடுத்து விளக்கினர். தச்சு வல்ல இளைஞர் பழைய பொருள்களைப் பார்த்து அவைபோல் செதுக்கலாயினர். சமயப் போதகர் காலத்தில் நின்றுபோயிருந்த நடனம், நூறாண்டுக்கு மேல் கழிந்து மீண்டும் அவ்வூரில் எழுந்தது. தூய்மை செய்வதற்காக ஸ்காட்லாந்து சென்ற பொருள்கள் யாவும் ஊர் திரும்பின. 2018-இல் அவற்றிற்கென ஓர் இல்லம் திறக்கப்பெற்றது. அஃது ஒரு பழைய பள்ளிக்கட்டடம். ஒருகாலத்தில் வெளியார் பாடம் மட்டுமே ஒலித்த சுவர்களுக்குள் இன்று முன்னோர் கைவேலைகள் அடுக்கப்பட்டுள்ளன.

2025 அக்டோபரில் வீசிய கடும்புயல் நுனாலெக் கரையைப் பெரிதும் விழுங்கிற்று. தோண்டப்படாமல் இருந்த பொருள்கள் ஆயிரக்கணக்கில் கடற்கரையெங்கும் சிதறின. ஊரார் குளிரில் நடந்து, கிடைத்தவற்றைப் பொறுக்கிச் சேர்த்தனர். எஞ்சியவை கடலோடு போயின. துருவநாடு முழுவதும் இந்நிலையே. உலகம் வெப்பமுறுவதால் உறைமண் இளகுகின்றது; அதனுள் இருந்த மரமும் தோலும் புல்லும் சில ஆண்டுகளில் மக்கிவிடும்.

சொல்லையும் சோதித்தல் வேண்டும்

இவற்றால் முதியோர் கூறுவன அனைத்தும் அப்படியே வரலாறு என்று கொள்ளல் ஆகாது. வாய்மொழியில் ஆண்டுக்கணக்கு நில்லாது. வெவ்வேறு காலத்து வெள்ளையர் செய்திகள் ஒரே கதையில் கலந்துவிடுதலும் உண்டு. 1829 முதல் அப்பகுதியில் தங்கிய ஜான் ராஸின் கப்பல் பற்றிய நினைவும் பிராங்கிளின் கப்பல் பற்றிய நினைவும் சில கதைகளில் பின்னிக் கிடக்கின்றன. கேட்பவரும் பிழை செய்வர். பிராங்கிளினின் ஆட்கள் சிலர் இன்னும் உயிரோடிருப்பர் என்ற ஆசையால், கேட்டவற்றிற்கெல்லாம் ஹால் அவ்வாறே பொருள் கொண்டு ஏமாந்தார்.

ஆகவே சொல்லை மண்ணாலும், மண்ணைச் சொல்லாலும் சோதித்தல் வேண்டும். அம்புமுனை அது எந்நூற்றாண்டினது என்பதைக் காட்டும். அதை எய்தவன் உள்ளத்தில் கனன்ற சினத்தின் காரணத்தைக் காட்டாது. கதை காரணத்தைக் கூறும்; ஆண்டைக் கூறாது. ஏட்டுச் சான்றும் சோதிக்கத்தக்கதே என்பதற்கு டிக்கன்ஸின் கட்டுரை என்றும் நின்று சாட்சி பகரும். அஃது அழகிய ஆங்கிலத்தில், அச்சில் வந்தது, ஆயினும் பிழை. ரே கேட்ட சொற்கள் பனிவெளியில், எழுதப்படாமல் பிறந்தவை, ஆயினும் மெய்.

உறைமண் காத்தது இளகிக்கொண்டிருக்கிறது. முதியோர் நெஞ்சில் காத்தது, அவர் ஒவ்வொருவராக மறையும்போது மறைந்துகொண்டிருக்கிறது. மண்ணை அகழப் பல்கலைக்கழகமும் பொருளும் வேண்டும். முதியோரைக் கேட்பதற்கு வேண்டுவன அருகில் அமரப் பொறுமையும், அவர் மொழியும் மட்டுமே. ஜோவா ஹேவனில் ஒரு சிறுவன் தன் கொள்ளுப்பாட்டியின் அருகில் அவ்வாறு அமர்ந்து கேட்டான். உலகம் 160 ஆண்டுகளுக்கு மேலாகத் தேடிய கப்பல்களுக்கு வழி அங்கிருந்தே தொடங்கிற்று.